எறும்பு வைத்த புள்ளி

அந்தப் பெயரை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்ன மூன்று பேருக்கும் அன்று இருட்டும்வரை நாக்கு இனித்துக்கொண்டிருந்தது. முதலில் சொன்னவர் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் சான்றிதழ்களுக்கு முத்திரை குத்துகிறவர். அவர் அதைப் படித்துவிட்டு, காலையில் தின்ற எதுவோ பல்லிடுக்கில் மிச்சமிருக்கிறது என்று நினைத்துக் குச்சியால் குத்திப் பார்த்தார். இரண்டாவதாகச் சொன்னவர் குழந்தையின் அப்பா, டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அவர் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார், அதற்கப்புறமும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார், அன்று மாலை டீயில் சர்க்கரை வேண்டாம் என்றுவிட்டார். மூன்றாவதாகச் சொன்னவள் குழந்தையின் அம்மா. அவளுக்கும் இனித்தது. ஆனால் இனித்த கையோடு, இதை எனக்கு முன்னால் இரண்டு பேர் சொல்லிவிட்டார்களே என்று வயிறும் எரிந்தது. அந்தப் பெயர் என்ன என்பதை இங்கே எழுதவில்லை. எழுதினால் எறும்பு வரும், தாள் வீணாகும்.

அம்மாக்காரி அதே அலுவலகத்தில் பிறப்புப் பதிவேடு எழுதுகிற எழுத்தர். ஊரில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தையின் பெயரும் அவள் பேனா வழியாகத்தான் வெளியே வந்தது. அவளுடைய சொந்தப் பெயரோ அவள் பிறந்த ஆண்டில் வீட்டுக்கு வீடு வைத்த பெயர். வகுப்பில் அதே பெயரில் ஐந்து பேர் இருந்தார்கள். இனிஷியல் சொல்லிக் கூப்பிட்டு அலுத்துப்போன டீச்சர், பெஞ்சில் உட்கார்ந்திருந்த வரிசைப்படி நம்பர் போட்டுவிட்டார். அவள் நாலாவது. பள்ளிக்கூடம் முடிகிறவரை நாலாவதாகவே இருந்தாள். கவுன்ட்டருக்குப் பின்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருக்கும்போதுகூட, கூடப் படித்தவள் எவளாவது வந்தால், வரிசையில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழும்படி, "ஏ நாலாவது, நீ இங்கதான் இருக்கியா?" என்று கேட்பாள். அதனால் வயிற்றில் குழந்தை தங்கிய அன்றே அவள் ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டாள். என் பிள்ளையின் பெயர் என் பிள்ளைக்கு மட்டும்தான். தெருவில் நின்று கூப்பிட்டால் ஒரே ஒரு தலைதான் திரும்ப வேண்டும். வேலை பார்த்த காலம் முழுக்க அவள் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

கேட்பது சுலபம். ஒன்பது மாதமும் மதியச் சாப்பாட்டு வேளையில் பழைய பதிவேடுகளைப் புரட்டினாள். நினைத்த பெயரெல்லாம் அதில் இருந்தது. அழகான பெயர், அசட்டுப் பெயர், வாயில் நுழையாத பெயர், எல்லாவற்றையும் யாராவது ஒருத்தி முந்திக்கொண்டு எடுத்திருந்தாள். கடைசியில் ஒரு பெயர் அகப்பட்டது. அதற்கு மூன்று பேர்தான் உரிமைக்காரர்கள். ஒருத்தி இறந்துவிட்டாள், ஒருத்தி வேறு ஊருக்குப் போய்விட்டாள், மூன்றாமவளுக்குக் காது கேட்காது. இதற்குமேல் நம்மால் ஆகாது என்று அதையே வைத்துக்கொண்டாள். குழந்தை பிறந்த பன்னிரண்டாம் நாள், பச்சை உடம்போடு அலுவலகம் வந்து, குழந்தையைக் கோப்புகளுக்கு நடுவில் படுக்கவைத்துவிட்டு, தன் கையாலேயே எழுதினாள். மை காய்வதற்குள் எங்கிருந்தோ வந்த ஓர் எறும்பு மூன்றாவது எழுத்தின் தலையில் ஏறி, ஒட்டிக்கொண்டு, செத்தது. எழுத்தின் தலையில் புள்ளி வந்தால் அதன் சத்தம் அடங்கிவிடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முத்திரைக்காரர் சான்றிதழில் நகல் எடுத்தபோது எறும்பைப் புள்ளி என்றே எடுத்தார். பெயர் அந்த இடத்தில் ஒரு படி தவறி இறங்கி, சுதாரித்து, மறுபடி ஏறியது. அப்படியொரு பெயர் அதுவரை யாருக்கும் இருந்ததில்லை. அவள் எல்லாப் பதிவேடுகளையும் திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டு, கல்யாணத்தன்றுகூடச் சிரிக்காத சிரிப்பு ஒன்றைச் சிரித்தாள்.

அந்த வீட்டில் சர்க்கரை வாங்குவது நின்றது. டீ போட்டதும் ஆளுக்கொரு தடவை மகள் பெயரைச் சொல்லிவிட்டுக் குடித்தார்கள். குழந்தை பாலைக் குடிக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பினால், அம்மா அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கெஞ்சுவாள். குழந்தை அப்போதும் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிக்கும். பிள்ளைகள் என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டார்கள். கண்டக்டருக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது. விசில் ஊதுவதற்கு முன்னால் ஒரு தடவை, டிக்கெட் கிழிக்கும்போது ஒரு தடவை என்று பெயரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். முன்சீட்டுக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு மாதத்தில் டவுன் பஸ் போகிற தெருவெல்லாம் அந்தப் பெயர் போய்விட்டது. சர்க்கரை நோய்க்காரர்கள் காலையில் நடக்கப் போகிறவர்கள் மாதிரி வந்து வாசலில் நின்று, "பாப்பா எழுந்தாச்சா?" என்று பெயரோடு விசாரித்துவிட்டுப் போனார்கள். டாக்டர் சோதித்துப் பார்த்து, இரத்தத்தில் ஒன்றும் ஏறவில்லை, சொல்லலாம் என்றார். மளிகைக் கடையில் சர்க்கரை மூட்டை பிரிக்காமலே கட்டிதட்டிப் போயிற்று.

அம்மாவுக்கு இதெல்லாம் பெருமையாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

"எம் பொண்ணு பேரை ஊர்ல இருக்கறவனெல்லாம் வாய்ல போட்டுச் சப்பறானுங்க. உங்களாலதான்" என்று கண்டக்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னா என்ன, தேஞ்சா போயிடும்?" என்றார் அவர். தேயும் என்று அப்போது அவருக்கும் தெரியாது.

மகள் பள்ளிக்கூடம் போன முதல் வாரத்திலேயே அம்மாவின் காதுக்கு ஒரு சேதி வந்தது. வருகைப் பதிவு எடுக்கும்போது வாத்தியார் மற்றப் பிள்ளைகளை ஒரு தடவையும் இவளை மூன்று தடவையும் கூப்பிடுகிறாராம். முதல் தடவையே பிள்ளை எழுந்து நின்றாலும் காணாததுபோல இருக்கிறாராம். அவள் நேராகப் போய், இனிமேல் என் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், வரிசை எண் சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். மகளின் எண் நாலு. வீட்டுக்கு வருகிற வழியில் அது அவளுக்கு உறைக்கவில்லை.

மகளுக்கு ஆறு வயது ஆனபோது ஓரகத்திக்குப் பெண் பிறந்தது. கண்டக்டரின் தம்பி மனைவி, பக்கத்துத் தெருவில் குடியிருந்தவள், எதையும் சிரித்த முகத்தோடு கேட்டு வாங்கிப் போகிற சுபாவம். இஸ்திரிப் பெட்டி, ஏணி, நல்ல குடை என்று வாங்கிப் போனதெல்லாம் திரும்பி வந்ததில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கவுன்ட்டருக்கு வந்து, "ரொம்ப யோசிச்சோம்க்கா. கடைசில உங்க பொண்ணு பேரையே வெச்சிடலாம்னு உங்க கொழுந்தன் சொல்லிட்டாரு" என்றாள்.

"ஊர்ல வேற பேரே இல்லையா?"

"இருக்குக்கா. இனிக்கற பேரு இது ஒண்ணுதானே இருக்கு."

சட்டத்தில் இதற்கு மறுப்புச் சொல்ல இடமில்லை. எழுத்தர் எழுதினாள். மூன்றாவது எழுத்து வந்தபோது புள்ளி வைக்காமல் தாண்டிப் போனாள். தாண்டிவிட்டதாக நினைத்தபோது ஜன்னல் கட்டையிலிருந்து ஓர் எறும்பு இறங்கி, மேசைக் காலில் ஏறி, மைக்கூட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, அந்த எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்தது. நகத்தால் சுண்டிவிட்டாள். இன்னொன்று வந்தது. அதையும் சுண்டினாள். மூன்றாவது வந்தபோது ஓரகத்தி எட்டிப் பார்த்து, "பரவால்லக்கா, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள். அன்றைக்கு எழுத்தருக்கு எரிந்த எரிச்சலில், மடியில் வைத்திருந்த தண்ணீர்ச் செம்பு கை பொறுக்காத சூடாகிவிட்டது. மறுநாளிலிருந்து முத்திரைக்காரர் தன் சாப்பாட்டு டப்பாவைப் பதினொரு மணிக்கே கொண்டுவந்து அவள் நாற்காலிக்குக் கீழே வைத்துவிடுவார். ஒரு மணிக்கு எடுத்தால் ஆவி பறக்கும்.

ஓரகத்தி மகளின் பெயரை எழுதின அன்று மாலை டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, கண்டக்டர் மகள் பெயரை இன்னொரு தடவை சொன்னார். "பாதிதான் இருக்கு" என்றார். இரண்டு நாள் கழித்து ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. அந்தப் பெயரின் இனிப்பு ஒரே அளவுதான். எத்தனை பேர் வைத்துக்கொள்கிறார்களோ அத்தனை பங்கு. தெரிந்தால் ஜனங்கள் கை வைக்காமல் இருப்பார்கள் என்று நினைக்கலாம். தீர்ந்துபோவதற்குள் நாமும் ஒரு பங்கு எடுத்துக்கொள்வோம் என்றுதான் அவர்கள் ஓடி வந்தார்கள். அடுத்த ஆண்டு பதின்மூன்று பேர். அதற்கடுத்த ஆண்டு எழுபது. எல்லாவற்றையும் எழுத்தரே எழுத வேண்டியிருந்தது.

அவள் சும்மா இருக்கவில்லை. அந்தப் பெயரோடு வருகிறவர்களை மட்டும் மூன்று நடை நடக்கவிட்டாள். படிவம் தீர்ந்துவிட்டது என்றாள், மை கட்டிவிட்டது என்றாள். பெயரைச் சொல்கிற பெற்றோருக்குப் பல் சொத்தையாகும் என்று ஒரு புளுகை அவிழ்த்துவிட்டாள். பல் டாக்டர் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். விவரம் தெரிந்த ஒரு தகப்பன், புள்ளி விட்டுப்போச்சே என்று கேட்டபோது பேனாவால் ஒன்று குத்திக் கொடுத்தாள். பேனாப் புள்ளியில் இனிப்பு ஏறவில்லை. எறும்பு வந்து உட்கார்ந்த பிறகுதான் ஏறியது. அன்று அவளுக்கு வழி பிடிபட்டது. மேசையைச் சுற்றி எறும்புப் பொடி தூவினாள். இழுப்பறையில் தூவினாள், ஜன்னல் கட்டையில் அணைபோல் கட்டினாள். அப்படிப் பத்தொன்பது பெண் குழந்தைகள் புள்ளியில்லாத வெறும் பெயரோடு வீட்டுக்குப் போயின. இனிக்கவில்லையே என்று சண்டைக்கு வந்தவர்களிடம், பதிவேட்டில் இருப்பதுதான் பெயர் என்று சொல்லிக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஆனால் ஆஸ்பத்திரியிலேயே பதிவு செய்யலாம் என்று புதிதாக ஒரு கவுன்ட்டர் திறந்தார்கள். அங்கே எழுதுகிறவருக்கு எறும்போடு எந்த விரோதமும் இல்லை.

மகளுக்குப் பதினாறு வயதானபோது அந்தப் பெயரில் ஐந்நூற்று இருபது பேர் இருந்தார்கள். பூங்காவில் பாட்டி தாத்தாக்கள் பேத்தியைக் கூப்பிட்டால் ஊஞ்சல், சறுக்குமரம் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. இனிப்பு என்று சொல்லும்படியாக எதுவும் மிச்சமில்லை. கழுவி வைத்த டம்ளரில் அடியில் ஒட்டியிருக்குமே, அவ்வளவுதான். ஒரு நாள் அம்மா கதவைத் திறந்து மகளைச் சாப்பிடக் கூப்பிட்டாள். தெருவில் பதினொரு ஜன்னலிலிருந்து "என்னம்மா?" என்று குரல் வந்தது. தன் மகள் குரல் எது என்று அவளுக்கே பிரித்தெடுக்க முடியவில்லை. கதவுப் பிடியின் பித்தளை அவள் கைச்சூட்டில் வளைந்துவிட்டது. அது இன்றைக்கும் வளைந்தபடிதான் இருக்கிறது.

அன்று சாப்பாட்டின்போது மகளிடம் கேட்டேவிட்டாள். "உன் பேரை இத்தனை பேரு பிடுங்கிட்டுப் போயிட்டாளுங்களே, உனக்கு எரியவே இல்லையாடி?"

"எனக்கு எதுக்கும்மா எரியணும்? என் பேரை நானா கூப்பிட்டுக்கறேன்?" என்றாள் மகள். "எனக்கு அது இனிச்சதே இல்ல. கண்ணாடி முன்னாடி நின்னு நூறு தடவை சொல்லிப் பாத்திருக்கேன். நம்ம பேரை நாமே சொன்னா ஒண்ணும் வராது. சித்தப்பா வீட்டுச் சின்னவ பொறந்து, அவளைக் கூப்பிட்டப்பதான் அது என்ன ருசின்னே எனக்குத் தெரிஞ்சுது."

வீட்டில் சர்க்கரை கிடையாது. பெயருக்குச் சொந்தக்காரிக்கு அந்தப் பெயர் இனிக்காது. அப்படியானால் ஆறு வயதுவரை அந்தப் பிள்ளை வெறும் பாலைத்தான் குடித்திருக்கிறது. இதைக் கூட்டிப் பார்க்கப் பெரிய கணக்கு ஒன்றும் தேவையில்லை. ஆனால் அம்மாவின் காதில் விழுந்தது வேறு. ஓரகத்தி பெற்றதைத்தான் என் மகளுக்குப் பிடித்திருக்கிறது என்று மட்டும் விழுந்தது. சாதத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோய்ப் படுத்துவிட்டாள்.

ஏறின பெயர் இறங்காமலா இருக்கும். இனிக்காத பெயரை எதற்குச் சுமப்பது என்று ஜனங்கள் வேறு பெயர் தேடிப் போனார்கள். மறு வருஷம் அந்தப் பெயரை வைக்க ஒருத்தரும் வரவில்லை. அந்தப் பெயரைக் கேட்டாலே வயது கண்டுபிடித்துவிடலாம் என்று இளம்பெண்கள் கூசினார்கள். வைத்துக்கொண்டவர்களே மாற்றிக்கொள்ள வந்தார்கள். எழுத்தருக்கு வாழ்க்கையில் அப்படியொரு சுறுசுறுப்பு வந்ததே இல்லை. ஊரில் யார் பெயர்த் திருத்தத்துக்கு வந்தாலும் மூன்று நடை நடக்கவிடுகிறவள், இவர்களை உட்காரவைத்து மின்விசிறியைத் திருப்பிவிட்டு, படிவத்தைத் தானே நிரப்பி, சிவப்பு மையில் கோடு போட்டு, கையோடு அனுப்பினாள். சிவப்பு மை பட்டதும் பழைய எறும்பு காய்ந்து உதிர்ந்துவிடும். ஊதித் தள்ளுவாள். ஒவ்வொன்று உதிரும்போதும் வீட்டில் கண்டக்டரின் டீ துளித்துளியாக இனிப்பேறியது. முத்திரைக்காரர் ஆறிய சோற்றையே சாப்பிட வேண்டியிருந்தது. பதினான்கு வருஷத்தில் ஐந்நூற்றுப் பதினெட்டு பேரைத் துடைத்தாள். மீதி இரண்டு.

மீதியிருந்த இரண்டாமவள் அந்தச் சின்னவள்தான். அவளும் பெரியவளும் கூடப் பிறந்தவர்களைவிட ஒட்டுதல். பெரியவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களுக்கு எழுத்து அட்டையைக் காட்டி, கடைசி வரியில் புள்ளி தெரிகிறதா இல்லையா என்று கேட்கிற வேலை. சாயங்காலம் கடை விட்டதும் நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போய், ஒரு டீ குடித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்கு வருவாள். போகும்போதே தெருமுனையிலிருந்து சின்னவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போவாள். முப்பது வயதுக்காரி இப்படித் தெருவில் கத்திக்கொண்டு போகிறாளே என்று அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வீட்டில் டீ இல்லையா, அங்கே என்ன வைத்திருக்கிறது என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. எரிந்துகொண்டு மட்டும் இருந்தாள்.

எழுத்தர் ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போது சின்னவளே கவுன்ட்டருக்கு வந்தாள். வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. "எங்க போனாலும் பேரை ரெண்டு தடவை எழுதிக் காட்ட வேண்டியிருக்கு பெரியம்மா. சின்னதா, சாதாரணமா ஒண்ணு வெச்சுக்கறேன்" என்றாள். எழுத்தர் படிவத்தை அவள் கையிலிருந்து வாங்கவில்லை, பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். கோடு போடுவதற்கு முன்னால், ஒரு பேச்சுக்கு, "உனக்கு வருத்தமில்லையே?" என்று கேட்டுவைத்தாள்.

"எனக்கு என்ன பெரியம்மா வருத்தம்? அக்காவைப் பேர் சொல்லியா நான் கூப்பிட முடியும்? ஒரு நாள்கூட அது என் வாய்ல வந்ததில்ல. அக்காவுக்குத்தான் இனிக்கும். அவகிட்ட நானே சொல்லிடட்டுமா?"

"நான் சொல்லிக்கறேன்" என்றாள் பெரியம்மா. ஏழு நிமிஷத்தில் வேலை முடிந்தது. எறும்பு உதிர்ந்தது. அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் மகளைக் கூப்பிட்டாள். முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய முதல் நாள் மாதிரியே நாக்கு முழுக்க இனித்தது. தொண்டை அடைக்கிற இனிப்பு. கண்டக்டரும் சொல்லிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். தெருவில் ஒரு ஜன்னலும் திறக்கவில்லை, ஒரு தலையும் திரும்பவில்லை. கேட்டது கிடைத்தாயிற்று. ஆனால் கூப்பிட்ட மகள் வீட்டில் இல்லை. தெருமுனையில் நின்று சின்னவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தடவை கூப்பிட்டு, நாக்கைத் துழாவிப் பார்த்து, மறுபடி கூப்பிட்டாள். ஓரகத்தி வெளியே வந்து விஷயத்தைச் சொன்னாள்.

பெரியவள் வீட்டுக்கு வந்து சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் அம்மாவும் நாலு வார்த்தை பேசி ஆற்றிக்கொண்டிருப்பாள். மறுநாள் கடையிலிருந்து வரும்போது மகள் ஒரு பொட்டலமும் மூடி போட்ட டப்பா ஒன்றும் வாங்கி வந்தாள். பொட்டலத்தை டப்பாவில் கொட்டி, அடுப்பு மேடையில் வைத்து, டீ போட்டு, அதில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கிக் குடித்தாள். முப்பத்தொரு வருஷத்தில் அந்த வீட்டுக்குள் வந்த முதல் சர்க்கரை அது. அம்மா அந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்போதுதான் அந்தப் பால் டம்ளரும், முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்த குழந்தையும், பெயரைச் சொல்லிச் சொல்லித் தன் வாயையே இனிப்பாக்கிக்கொண்ட தானும், எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. ஒரு மாதம் அவள் எதைச் சாப்பிட்டாலும் இறங்கவில்லை. அந்த டப்பாவைப் பார்த்து அவளுக்குப் பொறாமையாகவும் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசி வேலைநாள். மாலையும் பேச்சும் வேண்டாம் என்றுவிட்டு, காலையிலேயே ஒரு வாளித் தண்ணீரும் துணியும் கொண்டுவரச் சொன்னாள். மேசையைத் துடைத்தாள், இழுப்பறையைக் கவிழ்த்துத் துடைத்தாள், ஜன்னல் கட்டையில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த பொடியைச் சுரண்டிக் கழுவினாள். பிறகு அலமாரியின் அடித்தட்டிலிருந்து தான் பிறந்த வருஷத்துப் பதிவேட்டை எடுத்தாள். அதில் அவளுடைய பெயர் ஒரே பக்கத்தில் நாலு இடத்தில் இருந்தது. தன்னுடையது எது என்று அப்பா பெயரைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். முத்திரைக்காரரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லி, அதன்மேல் சிவப்பு மையில் கோடு இழுத்து, பக்கத்தில் மகளின் பெயரை எழுதினாள். மூன்றாவது எழுத்தின் தலையை வெறுமையாக விட்டாள்.

"புள்ளி?" என்றார் முத்திரைக்காரர்.

"வரும்" என்றாள்.

வரவில்லை. அத்தனை வருஷம் மருந்து தின்று செத்த இடத்துக்கு எந்த எறும்பு வரும். பதினொரு மணிக்கு வரவில்லை, மதியம் வரவில்லை. முத்திரைக்காரர் பழக்கதோஷத்தில் நாற்காலிக்குக் கீழே வைத்த டப்பா சில்லென்றே இருந்தது. எழுதின மை காய்ந்துவிடாமல் இருக்க, அவள் அரைமணிக்கொரு தடவை அந்த எழுத்தின்மேலேயே மறுபடி எழுதிக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு அழுதாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வரிசையில் நின்றவர்களுக்கு எதிரிலேயே அழுதாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பெயரைப் பங்குபோடக் கேட்கிறாள், அதற்கு ஓர் எறும்புக்கு மனசு வரவில்லை. ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, கடைசியாக நின்ற ஒருவர் குழந்தையின் படிவத்தை நீட்டினார். படிவத்தின் மடிப்பிலிருந்து ஒன்று இறங்கியது. சின்ன எறும்பு, அதற்கு ஒரு கால் இல்லை. அவள் பேனாவை மெல்லக் கீழே வைத்தாள். அது பேனாமேல் ஏறிக் கடந்து, சிவப்புக் கோட்டை முகர்ந்து பார்த்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மூன்றாவது எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்தது.

அன்று மாலை மகள் டீ போட்டுக்கொண்டிருந்தபோது அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். "என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு" என்றாள்.

மகளுக்குப் புரியவில்லை. அம்மா சான்றிதழைக் காட்டினாள். மகள் அதை வெளிச்சத்தில் பிடித்து, கடைசி வரியில் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தாள்.

"பெத்த அம்மாவை எப்படிம்மா பேர் சொல்லிக் கூப்பிடறது?"

"வேற யார் இருக்கா உனக்குக் கூப்பிட? கூப்பிடு."

மகள் மெதுவாக, கூச்சத்தோடு, தரையைப் பார்த்துக்கொண்டு கூப்பிட்டாள். பிறகு வெகுநேரம் வாயை மூடி வைத்திருந்தாள். பத்து வயதுப் பிள்ளை மிட்டாயை ஒதுக்கி வைத்துக்கொள்வதுபோல ஒரு கன்னம் உப்பியிருந்தது. சர்க்கரை டப்பா அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஊர் ஒரு மாதம் பேசியது. வயதான தாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறதே, இது என்ன வளர்ப்பு என்று ஓரகத்திதான் முதலில் ஆரம்பித்தாள். அடுத்த மாதம் பேச வேறு விஷயம் கிடைத்தது. அம்மாவின் குணம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஓய்வூதியம் வாங்கப் போன இடத்தில் குமாஸ்தா அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டு உதட்டை நக்கினான். அடுத்த தடவையிலிருந்து டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். கண்டக்டர் ஆசையாக ஒரு நாள் கூப்பிட்டதற்கும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊரில் அந்தப் பெயர் இப்போது இரண்டு பேருக்குத்தான் இருக்கிறது. சாயங்காலம் கண்ணாடிக் கடை விட்டதும் மகள் தெருமுனையிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வருகிறாள். அம்மா கதவருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள், காதும் நன்றாகக் கேட்கிறது. ஆனாலும் மூன்றாவது தடவை கூப்பிடுகிறவரை அவள் பதில் சொல்வதில்லை.